எட்டடி அகலப் பெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்தில் ஆளில்லாமல் வண்டி ஓடுவது நிஜமா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான், 1993-லேயே வந்துவிட்டது. கிரேன் இறக்கும் கன்டெய்னரை ஓட்டுநரில்லாத தட்டை வண்டி ஏற்றிக்கொண்டுபோய் முற்றத்தில் விடுகிறது. புதிய முனையங்களில் கிரேன் ஓட்டுபவரும் உச்சியில் இல்லை. கட்டடத்துக்குள் திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் இந்த வண்டியைவிட அது சுமக்கும் பெட்டிதான் உலகத்தை அதிகம் மாற்றியது என்பேன். 1956-இல் மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி ஒரு பழைய எண்ணெய்க் கப்பலில் 58 பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அப்புறம் ஆளுக்கோர் அளவில் பெட்டி செய்தார்கள். ஒருவர் பெட்டியை இன்னொருவர் கிரேன் தூக்காது. பல வருட வாக்குவாதத்துக்குப் பிறகுதான் எட்டடி அகலம், இருபது அல்லது நாற்பதடி நீளம், ஒரே மாதிரி மூலை என்று முடிவானது. மக்லீன் தன் மூலைப் பூட்டின் காப்புரிமையை விட்டுக்கொடுத்ததும் இதற்கு உதவியது.

அந்த மூலையைக் கவனித்துப் பார். எட்டு மூலையிலும் துளையுள்ள வார்ப்பு எஃகுக் கட்டி இருக்கும். கிரேன் சட்டத்தின் நான்கு முளைகளும் மேல்துளைகளில் இறங்கி 90 பாகை திரும்பிப் பூட்டிக்கொள்ளும். ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் தூக்காது. மேலே அடுக்கும் பெட்டிகளின் பாரம் மூலைத் தூண்கள் வழியாகவே இறங்குகிறது. அதனால்தான் நெளித்தகட்டுச் சுவர் 2 மி.மீ. அளவு கனமிருந்தாலே போதும். தூண் வளைந்த பெட்டி அடியில் போனால் அடுக்கே சரியும்.

எடையைப் பொய்யாக எழுதினாலும் இதே ஆபத்துதான். 2016 ஜூலை 1 முதல் எடை சரிபார்க்காத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது. நிரப்பிய பெட்டியை எடைமேடையில் நிறுக்கலாம். அல்லது சரக்கு, கட்டை, பேக்கிங் எல்லாவற்றையும் தனித்தனியே எடைபோட்டு, கதவில் எழுதியிருக்கும் வெற்றுப் பெட்டி எடையைக் கூட்டலாம். எடை சரியாக இருந்தாலும் கடல் விட்டுவிடாது. 2019 ஜனவரியில் எம்.எஸ்.சி. ஜோ கப்பல் நெதர்லாந்தின் வடக்குத் தீவுகளுக்கு அருகே புயலில் வெடுக்வெடுக்கென்று ஆடி, கட்டுகள் அறுந்து, 342 பெட்டிகளைக் கடலில் விட்டது. கரையெல்லாம் பிளாஸ்டிக்.

நீ கிடங்கு வேலையில் சேரப்போகிறாய், அதனால் இதை மனதில் வை. வந்த பெட்டியை உடனே திறக்காதே. கதவு ரப்பர் வழியாக மெல்லிய குழாயைச் செருகி உள்காற்றை அளக்க வேண்டும். பூச்சிக்கு அடித்த பாஸ்பீன், மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுக்கள் இருக்கலாம். புதுச் செருப்பு, மரச்சாமான் பசையிலிருந்து வரும் ஆவியும் அடைந்திருக்கும். மெத்தில் புரோமைடுக்கு மணமே கிடையாது, மூக்கை நம்பாதே. அளவு கூடினால் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் காற்றோட்டம் கொடுத்து மறுபடி அளக்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. திறக்கும்போது வலது கதவை முதலில், பக்கவாட்டில் நின்று, கொஞ்சம்கொஞ்சமாகத் திற. சரிந்த சரக்கு கதவில் சாய்ந்து நிற்கும்.

ஒரே அளவு என்றாலும் எல்லாம் பொருந்திவிடவில்லை. சரக்கை அடுக்கும் மரத்தட்டான ஐரோப்பியப் பேலட் 1.2 மீட்டருக்கு 0.8 மீட்டர். இரண்டை நீளவாக்கில் சேர்த்துவைக்க 2.4 மீட்டர் வேண்டும். பெட்டியின் உள்ளகலமோ சுமார் 2.35. அந்த ஐந்து சென்டிமீட்டரால் இருபதடிப் பெட்டியில் 11 பேலட்தான் பிடிக்கிறது. இதற்காகவே இங்கே ஐரோப்பாவில் உள்ளகலம் கூட்டிய 45 அடிப் பெட்டி ஓடுகிறது, அதில் 33 ஏறும். உலகத்துக் கப்பலும் கிரேனும் பழைய அளவுக்கே கட்டியாகிவிட்டதால் இனி மூல அளவை யாராலும் தொட முடியாது.

மூட்டை சுமந்தவர்களை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. நாள்கணக்கில் கரையில் நின்ற கப்பல் இன்று ஆயிரக்கணக்கான பெட்டிகளை இறக்கி ஏற்றிவிட்டு ஓரிரு நாளில் கிளம்புகிறது. லண்டன் நகரத்துத் துறைகள் 1967 தொடங்கி 1981-க்குள் ஒவ்வொன்றாக மூடின. அமெரிக்க மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான துறைமுகத் தொழிலாளர் சங்கம் 1960-லேயே இயந்திரத்தை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக ஓய்வூதியத்துக்கும் வருமான உத்தரவாதத்துக்கும் முதலாளிகளிடம் நிதி வாங்கியது. எல்லாத் துறைமுகத் தொழிலாளிக்கும் அது கிடைத்திருக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்