கருப்புப் பட்டை இருந்துட்டுப் போகட்டும், படத்த வெட்டாதீங்க

பழைய தமிழ்ப் படங்களோட உரிமைய வாங்கி வச்சிருக்க கம்பெனிக்காரங்களுக்கு,

வணக்கம் சார். போன வாரம் பழைய பட ரசிகருங்க, எங்க ஆளுங்க போட்ட ஒரு சின்ன வீடியோவ காப்பிரைட்னு சொல்லி தூக்க வச்சிட்டீங்க. உரிமை உங்களோடது, தூக்கலாம், அதுல எங்களுக்கு ஒரு தகராறும் இல்ல. ஆனா தூக்குறதுக்கு முன்னாடி அதுல என்ன இருக்குன்னு ஒருத்தராச்சும் பாத்தீங்களான்னுதான் தெரியல. வீணை எஸ். பாலச்சந்தரோட பொம்மை படம், 1964ல வந்தது, அதோட கடைசி சில நிமிஷம். பழைய விசிடில இருந்தது ஒரு பக்கம், நீங்க 'புத்தம் புது ஹெச்டி'ன்னு போட்டது இன்னொரு பக்கம். உங்க பக்கத்துல காட்ட ஒண்ணுமே இல்ல, ஏன்னா அந்தக் கடைசிய நீங்க வெட்டிட்டீங்க.

அந்தக் கடைசி என்னன்னு படம் பாத்தவங்களுக்குத் தெரியும். ஒருத்தர கொல்றதுக்கு பொம்மைக்குள்ள குண்டு வச்சு குடுத்து விடுறாங்க, அந்த பொம்மை கை மாறி கை மாறி ஊரெல்லாம் சுத்துது, பாக்குறவனுக்கு மட்டும் உள்ள குண்டு இருக்குன்னு தெரியும். அவ்ளோ டென்ஷனா படத்த முடிச்சிட்டு, மனுஷன் டைட்டில் கார்டு ஓட விட்டோமா போனோமான்னு இல்லாம தானே கேமரா முன்னாடி வந்து நின்னு நடிச்சவங்க, பின்னாடி வேல பாத்தவங்கன்னு ஒவ்வொருத்தரா நமக்கு அறிமுகம் பண்ணி வைப்பாரு. அறுபத்தி நாலுல சார் இது. லைட் புடிக்கிறவன் மூஞ்சிய எவன் பாக்கப் போறான்னு இருந்த காலத்துல ஒரு டைரக்டர் செஞ்ச மரியாதை. நாங்க எத்தனையோ பேருக்கு "கடைசி வரைக்கும் எந்திரிக்காம பாரு"ன்னு சொல்லி இந்தப் படத்த பாக்க வச்சிருக்கோம். இப்ப ஒரு காலேஜ் பையன் உங்க லிங்க்ல பாத்துட்டு "நீங்க சொன்ன சீன் வரவே இல்லையே ணா, வேற படமா?"ன்னு கேக்குறான். அவனுக்கு என்ன பதில் சொல்றது? அந்த நிமிஷங்கள வெட்டி எடுத்ததால உங்களுக்கு என்ன மிச்சம் ஆச்சுன்னு எவ்ளோ யோசிச்சும் புடிபடல. அதே வீடியோல முன்னாடி உங்க கம்பெனி லோகோ சுத்தி சுத்தி வர்றதுக்கும், மத்த சேனலுக்கு எல்லாம் பெல் பட்டன அமுக்க சொல்றதுக்கும் நிறையவே நேரம் இருக்கு.

இது ஒரு படத்தோட கதைன்னா விட்டுடலாம். உங்க ஆளுங்க எல்லா கருப்பு வெள்ளைப் படத்தையும் புடிச்சு அகலத் திரைக்கு இழுக்குறாங்க. தமிழ்ல முதல் சினிமாஸ்கோப் படமே 1973ல வந்த ராஜராஜ சோழன்தான், இது உங்களுக்குத் தெரியாம இருக்காது. அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் கிட்டத்தட்ட சதுரத்துக்குப் பக்கத்துல இருக்க ஃப்ரேம்ல எடுத்தது. அத இன்னைக்கு டிவி சைஸுக்கு ரொப்பணும்னா மேலயும் கீழயும் சேத்து கால்வாசி படம் காலி. சினிமாஸ்கோப் சைஸுக்கு ரொப்புனா நூத்துக்கு நாப்பது பங்கு போயிடும். இல்ல, வெட்ட மாட்டோம்னு இழுத்து விட்டா பண்டரிபாய் மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஆயிடுது. ரெண்டுல எது பரவால்லன்னு எங்கள கேட்டா நாங்க என்ன சொல்ல.

அந்த நாள் படத்தையே எடுத்துக்குங்க, 1954, ஒரு பாட்டு கிடையாது, ஆரம்பத்துலயே சிவாஜிய சுட்டுக் கொன்னுடுறாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை சொல்றாங்க. மாருதி ராவ் கேமரா. பாட்டு இல்லாத படத்துல ஆளப் புடிச்சு உக்கார வைக்கிறதே அந்த வெளிச்சமும் நிழலும்தான், மூஞ்சி பாதி இருட்டுல நிக்கும், அந்தாளு பொய் சொல்றானா நிஜம் சொல்றானான்னு நமக்கே சந்தேகம் வரும். நீங்க பிரைட்னஸ ஏத்தி விட்டு இருட்டையெல்லாம் சாம்பல் ஆக்கிட்டீங்க, மேல வெட்டுனதுல க்ளோசப் வந்தாலே நெத்தி காணோம், மிச்சம் இருக்க மூஞ்சில ஒரு சுருக்கம் கிடையாது, கிரெயின், அதாவது ஃபிலிம்ல இருக்க பொடிப்பொடி புள்ளிய, எடுக்குறேன்னு மூஞ்சியவே எடுத்து வச்சிருக்கீங்க.

பேய்ப் படத்துக்கு வந்தா இன்னும் கொடுமை. யார் நீ படத்துல 'நானே வருவேன்' பாட்டு, சுசீலாம்மா குரல், வேதா மியூசிக், ராத்திரில கேட்டா இன்னைக்கும் முதுகு சில்லுங்குது. அந்தப் பாட்டுல இருட்டுதான் சார் பாதி பேயி. அது வெளுத்துப் போயி பட்டப்பகல் மாதிரி தெரிஞ்சா யாரு பயப்படுவா? பத்தாததுக்கு தம்ப்நெயில்ல வேற எந்தப் படத்துலயோ இருந்து ஒரு பல்லு நீட்டுன பொம்பளைய ஒட்டி 'தனியாக பார்க்க வேண்டாம்'னு போடுறீங்க. சேர்ந்து பாத்தா மட்டும் என்ன தெரியப் போகுது, நடுவுல உங்க கம்பெனி பேரு தெரியுது, அவ்ளோதான். ரொம்பத் துல்லியமான படம்னு அர்த்தம் வர்ற மாதிரி 4கேன்னு வேற எழுதி இருக்கீங்க. டிவிக்காக எப்பவோ எடுத்த பீட்டாங்கிற பழைய வீடியோ டேப்ல இருந்து ஏத்துனத 4கேன்னு சொன்னா, தண்ணி ஊத்துன பாலுக்கு பசும்பால்னு பில் போட்ட கணக்குதான்.

ஒரு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அமெரிக்காவுல நைட் ஆஃப் த லிவிங் டெட்னு ஒரு படம், 1968, ஜார்ஜ் ரொமேரோ எடுத்தது, இன்னைக்கு வர்ற ஜாம்பி படத்துக்கெல்லாம் தாத்தா. ரிலீஸுக்கு முன்னாடி பேர மாத்துனப்ப காப்பிரைட் அறிவிப்பு டைட்டில்ல இருந்து விட்டுப் போச்சு, அதனால யாருக்குமே உரிமை இல்லாத படமா ஆயிடுச்சு. எவன் வேணா காப்பி போட்டான், கேவலமான பிரிண்டெல்லாம் சுத்துச்சு. அதையே 2016ல நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியமும் பழைய படங்கள காப்பாத்துற ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேந்து ஒரிஜினல் நெகட்டிவ்ல இருந்து 4கேல சுத்தம் பண்ணி, எடுத்த சைஸ்லயே, பக்கத்துல கருப்புப் பட்டையோட குடுத்தாங்க. உரிமையாளரே இல்லாத படத்துக்கு அந்த மரியாதை. எங்க படங்களுக்கு உரிமையாளர் நீங்க இருக்கீங்க, லெட்டர்ஹெட்டோட இருக்கீங்க, வீடியோ தூக்க ஆளு இருக்கு, கடைசி ரீல் எங்கன்னு பாக்க ஆளு இல்ல.

இந்த ஊர்ல ஏற்கனவே போனது போதும் சார். நடராஜ முதலியாரோட மௌனப் படம் கீசகவதம் இன்னைக்கு இல்ல, 1931ல வந்த தமிழோட முதல் பேசும்படம் காளிதாஸ் இல்ல, பழைய பிரிண்ட வெள்ளிக்காக உருக்குனாங்க, மிச்சத்த குடோன்ல போட்டு ஃபிலிம் கெட்டா வர்ற வினிகர் வாடை அடிக்க அடிக்க அழுக விட்டாங்க. பொம்மை எடுத்த அதே பாலச்சந்தரோட 'நடு இரவில்' படம் எடுத்து முடிச்சும் வருஷக்கணக்குல வாங்க ஆளில்லாம கெடந்து 1970லதான் தியேட்டருக்கே வந்துச்சு, அப்படி தப்பிச்சு வந்த படத்தையும் வெட்டித்தான் பாக்கணும்னா எப்படி? ரீரிலீஸ்னா மட்டும் கட்அவுட் வைக்கிறோம், பால் ஊத்துறோம், நடிகர் சங்கத்துல இருந்து அரசாங்கம் வரைக்கும் எல்லாரும் 'பொற்காலம்'னு மேடையில பேசுறாங்க, அந்தப் பொற்காலத்த வைக்க ஏசி போட்ட ஒரு ரூம் தமிழ்நாட்டுல எவ்ளோ இடத்துல இருக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க... சரி, அத உங்ககிட்ட கேட்டு என்ன ஆகப் போகுது, அது வேற லெட்டர்.

உங்ககிட்ட கேக்குறது சின்ன விஷயம். படத்த வெட்டாதீங்க. எடுத்த ஃப்ரேம்ல முழுசா போடுங்க, ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை வந்தா வந்துட்டுப் போகட்டும், "என் டிவி ரிப்பேரா"ன்னு கேக்குறவங்களுக்கு கமெண்ட்ல பதில் சொல்ற வேலைய நாங்க பாத்துக்கறோம். 4கே வேணாம், கலர் அடிக்க வேணாம், பின்னணி இசைய புதுசா போடவே வேணாம். கையில இருக்க டேப்ப அப்படியே ஏத்துனாக்கூட கும்புடு போட்டு பாப்போம், வெட்டாம இருந்தா போதும். எந்தப் படத்துல எந்த சீன் விட்டுப் போயிருக்குன்னு தெரியணும்னா எங்க ஆளுங்க லிஸ்ட் போட்டு தருவாங்க, காசு வேணாம், பேரு கூட போட வேணாம்.

முதல்ல பொம்மையோட அந்தக் கடைசிய மட்டும் தயவு செஞ்சு திருப்பி ஒட்டிடுங்க. அதுக்கு புது டேப் எதுவும் தேட வேண்டியதில்ல, நீங்க தூக்குன எங்க வீடியோலயே இருக்கு.

இப்படிக்கு,
உங்க சேனல்ல பெல் பட்டன அமுக்கி வச்சிருக்க ஒரு ரசிகன்