சரசு, பல்லைப் பற்றிக் கேட்டிருந்தாயே

பாளையங்கோட்டை

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் மொட்டைப் போட்டோவும் வந்தது. அப்படியே உன் ஜாடை, அந்த ஏறு நெற்றி உட்பட. ஆனால் கடிதத்தில் முக்கால்வாசி பல் புராணம்தான்! கீழே இடது பக்கம் மூன்று, மேலே ஒன்று, ஆக நாலு பல் இல்லை. தாடை எலும்புக்குள் டைட்டானிய ஸ்க்ரூவை இறக்கி அதன் மேல் பல் கட்டுகிறார்களே, அந்த இம்பிளான்டை எல்லாவற்றுக்கும் வைத்துவிடலாம் என்கிறான் பையன். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். சரி, என் வாய்க்குள் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

நாலு பல் இல்லையென்றால் நாலு இம்பிளான்ட் வைக்க வேண்டும் என்பதில்லை. எனக்குக் கீழ் வலது பக்கத்தில் அடுத்தடுத்து மூன்று பல் போயிருந்தது. வைத்தது இரண்டு ஸ்க்ரூதான். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்றை இறக்கி, மேலே மூன்று பல் சேர்ந்த பிரிட்ஜை மாட்டிவிட்டார்கள். மேல் இடது கடைசிப் பல்லும் எனக்கு இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன். மேல் கடைவாய்க்கு நேர் மேலே சைனஸ் என்கிற, மூக்கை ஒட்டிய காற்றறை இருக்கிறது, நடுவில் உள்ள எலும்பு மெலிசு. ஸ்க்ரூ நிற்க வேண்டுமானால் சைனஸின் அடிச்சவ்வைத் தூக்கி, எலும்புத் தூள் வைத்து, மாதக்கணக்கில் ஆறப்போட வேண்டும். கீழே அதற்கு எதிர்ப் பல்லும் எப்போதோ போய்விட்டது. "வைக்காவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். "ஒன்றும் ஆகாது, வாயை முழுக்கத் திறந்து சிரித்தால்கூடத் தெரியாது" என்றார் டாக்டர். அந்தப் பதிலுக்காகவே அவரிடம் மற்றதைச் செய்துகொண்டேன். மேலும் கீழுமாக ஒன்றோடொன்று பொருந்துகிற இருபது பல் இருந்தால் ஒரு மனுஷி ஒழுங்காகச் சாப்பிடலாம். வாயில் இருக்கும் சந்து பொந்தையெல்லாம் அடைக்க வேண்டும் என்று கிளம்பினால் செலவுக்கு முடிவே கிடையாது.

பல்லைப் பிடுங்கி எவ்வளவு காலம் ஆயிற்று என்று நீ எழுதவில்லை. அதுதான் முக்கியம். வேர் இருக்கும் வரைதான் தாடை எலும்புக்கு வேலை. வேர் போனதும் எலும்பு கரைய ஆரம்பிக்கிறது. முதல் வருஷத்திலேயே அகலத்தில் பாதி வரை குறைந்துவிடலாம். பத்து வருஷம் சும்மா விட்ட இடமென்றால் ஸ்க்ரூவைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள எலும்பு போதாமல் போகும். ஆகவே விலை பேசுவதற்கு முன்னால் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல். சிபிசிடி என்பார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது. கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு வேறு ஓடுகிறது. ஸ்க்ரூ அதைத் தொட்டுவிட்டால் உதடும் முகவாயும் மரத்துப்போகும். அதற்கும் ஸ்க்ரூவின் நுனிக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டராவது விட வேண்டுமாம். என் டாக்டர் கம்ப்யூட்டரில் தாடையைக் குறுக்கே துண்டு துண்டாக வெட்டிக் காட்டி, நரம்பைச் சிவப்புக் கோடாக வரைந்து காட்டினார்.

இதிலே ஒரு கதை உனக்குப் பிடிக்கும், கெமிஸ்ட்ரி டீச்சர் அல்லவா நீ. ஸ்வீடனில் பிரோனமார்க் என்று ஒரு டாக்டர். 1952 வாக்கில் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி, மஜ்ஜையில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி முடிந்து கருவியைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதை இறுகப் பிடித்திருந்தது. விலை உயர்ந்த கருவி போச்சே என்று விட்டுவிடாமல், ஏன் வரவில்லை என்று யோசித்தார் பார்! டைட்டானியத்தின் மேல் காற்றுப் பட்டதுமே மெல்லிய ஆக்சைடு படலம் படிந்துவிடுகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்துத் தள்ளுவதில்லை, எலும்பு அதை ஒட்டியே வளர்கிறது. 1965-இல் யோஸ்டா லார்ஸன் என்பவருக்கு முதன்முதலாக இப்படிப் பல் கட்டினார். லார்ஸன் 2006-இல் இறக்கும் வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அந்த இம்பிளான்டுகள் வேலை செய்தன.

எலும்பு வளர்ந்து பிடிப்பதற்குத்தான் காத்திருப்பு. கீழ்த்தாடைக்கு மூன்று மாதம் போல, மேலே இன்னும் அதிகம். "மூன்றே நாளில் பல்" என்று பேனர் வைத்திருக்கிறார்களே, அது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். நல்ல கெட்டியான எலும்பாக இருந்தால் சிலருக்கு உடனே தற்காலிகப் பல் மாட்டலாம். ஆனால் எல்லாருக்கும் மூன்று நாள் என்று சொல்பவரிடம் நான் போக மாட்டேன்.

வலியைப் பற்றிப் பயப்படாதே. பல் பிடுங்கியதைவிட இது குறைவாகத்தான் இருந்தது. எலும்பு சூடாகக் கூடாது என்று டிரில்லோடு தண்ணீரும் பீய்ச்சிக்கொண்டே இருந்தது. தொண்டையில் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. வீக்கம் இரண்டாம் நாள் நன்றாக ஏறி, அப்புறம் வடிந்தது. கொஞ்ச நாள் குழைந்த சாதம், இட்லி, கூழ்.

பல் மாட்டும் நாளில் ஒரு வேடிக்கை. நிறம் பார்க்க ஒரு வரிசைப் பொய்ப்பற்களை என் பல்லோடு ஒட்டி ஒட்டிப் பார்த்தார்கள். என் மகள் வெள்ளை வெளேரென்று ஒன்றைக் காட்டுகிறாள். நாற்பது வருஷம் காப்பி குடித்த பல்லுக்குப் பக்கத்தில் அது எப்படி இருக்கும்? மங்கலானதைத்தான் எடுத்தேன். அப்புறம் நீலக் கார்பன் தாளைப் பல்லிடுக்கில் வைத்துத் தக்தக்கென்று கடிக்கச் சொல்லி, நீலம் அழுத்தமாகப் பதிந்த இடத்தையெல்லாம் தேய்த்தார்கள். அவசரப்பட்டு அங்கே "சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிடாதே. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு தசைநார் இருக்கிறது, அழுத்தம் அதிகமானால் உடனே சொல்லிவிடும். இம்பிளான்டுக்கு அது கிடையாது. எவ்வளவு பலமாகக் கடிக்கிறோம் என்பதே சரியாகத் தெரியாமல், ஒருநாள் பீங்கான் பெயர்ந்துவரும்.

இம்பிளான்ட் சொத்தையாகாது என்பது உண்மை. ஆனால் ஈறு கெடும், சுற்றியுள்ள எலும்பு கரையும், பல் ஆட ஆரம்பிக்கும். பல் இல்லாமல் போனது எதனால், ஈறு நோயாலா? அப்படியென்றால் மீதிப் பல்லின் ஈற்றை முதலில் சரி செய். நான் தினம் ராத்திரி பாட்டில் கழுவுகிற பிரஷ்போலக் குட்டியாக இருப்பதை பிரிட்ஜுக்கு அடியில் விட்டுத் தேய்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது. அந்த அலுப்பு உனக்கு ஒத்துவராது என்றால் கழற்றி மாட்டும் செட்டே மேல்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏட்டி, இன்னொன்று. மணிக்கட்டு முறிந்த பிறகு எலும்பு கெட்டிப்பட வருஷத்துக்கு ஒருமுறை ஊசி ஏற்றிக்கொள்வதாக எழுதியிருந்தாயே, அதைப் பல் டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடு. அந்த வகை மருந்து எடுப்பவர்களில் சிலருக்குத் தாடையில் கைவைத்தால் புண் ஆறாமல் எலும்பு செத்துப்போவதுண்டு. அரிதுதான், ஆனாலும் ஊசி போட்ட டாக்டரும் இவரும் பேசி முடிவு செய்யட்டும். உன் சர்க்கரைக்கும் மூன்று மாதச் சராசரி பார்த்துக்கொண்டு போ. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிட்டால் நீயாக நிறுத்தாதே.

பணம் விஷயத்தில் ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். ஸ்க்ரூவுக்குச் சொல்லும் விலையில் மேலே வைக்கும் பல்லும் ஸ்கேனும் சேர்ந்ததா என்று கேள். என் காப்பீட்டில் ஒரு பைசா கிடைக்கவில்லை, ஓய்வூதிய நிலுவையில்தான் சமாளித்தேன். எந்தக் கம்பெனி, என்ன அளவு, என்ன நம்பர் என்று எழுதிய அட்டையை மறக்காமல் வாங்கி வை. பத்து வருஷம் கழித்து ஸ்க்ரூ தளர்ந்து வேறு ஊர் டாக்டரிடம் போனால், அது இல்லாமல் அவர் திண்டாடிப் போவார்.

இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்து மகள் தூத்துக்குடிக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது. அதனால் தை பிறந்ததும் கோவைக்கு வந்து பத்து நாளாவது உன்னோடு இருக்கப் போகிறேன். அதற்குள் ஸ்கேன் எடுத்துவிட்டால் டாக்டரிடம் சேர்ந்தே போகலாம். வரும்போது அல்வா மட்டும் போதுமா, மனோகரமும் கடிக்க முடியுமா என்று எழுது.

அன்புடன்,
செண்பகம்