பெட்டி போன பிறகு சொல்லி என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறையில் அப்பா, அம்மா, பிள்ளைகளோடு டெல்லியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய், அங்கிருந்து சிம்லாவும் பார்த்து வந்தோம். பெரியவர்கள் இருவருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். சிம்லாவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது, கிளம்பிய அன்று பாதுகாப்புச் சோதனையில் நடந்ததைப் பற்றி.

சோதனை எதற்கு என்று அலுத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். கொழும்பு விமானத்தில் ஏற்ற வேண்டிய பெட்டியில் இருந்த குண்டு அது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து டெல்லி வந்துகொண்டிருந்த விமானத்தைக் காந்தஹாருக்குக் கடத்திப் போனார்கள். அதற்கு அடுத்த வருடம்தான் விமான நிலையக் காவல் மாநிலப் போலீசிடமிருந்து மத்தியப் படைக்கு மாறத் தொடங்கியது. எனவே, நன்றாகவே சோதிக்கட்டும்.

அப்பாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆனது. உள்ளே இருப்பது உலோகம். காவலர் கையிலிருந்த, உலோகத்தைக் கண்டுபிடிக்கிற கருவி முழங்காலுக்கு நேரே வந்ததும் கத்தத் தொடங்கியது. அப்பா வேட்டியில் இருந்தார். காவலருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு இந்தி தெரியாது. 'ஆபரேஷன்' என்று சொல்லி முழங்காலைத் தட்டிக் காட்டினார். அது புரிந்துவிட்டது. ஓரமாக அழைத்துப் போய், வேட்டியை விலக்கித் தழும்பைப் பார்த்து, கையில் ஒரு காகிதத் துண்டைத் தேய்த்து அதை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். வெடிமருந்துத் தடயம் பார்க்கிற சோதனை அது. ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள், மரியாதையாகத்தான் நடத்தினார்கள். எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. நடனக் கலைஞர் சுதா சந்திரன் தன் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்களே என்று 2021-ல் பிரதமருக்கே வீடியோவில் முறையிட வேண்டியிருந்தது. அந்த வருடக் கடைசியில், மாற்றுத்திறனாளிகளிடம் செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது.

எங்களுக்கு வம்பு வந்தது அம்மாவின் பையில். அதில் ஒரு பாட்டில் மாவடு, தம்பி மனைவி கேட்டிருந்த கொப்பரைத் தேங்காய் கொஞ்சம். உள்நாட்டு விமானத்தில் பெரிய பெட்டிக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் என்பதால், கனமானதையெல்லாம் அம்மா கைப்பையில் வைத்திருந்தார். எக்ஸ்ரேயில் பார்த்ததும் பையைத் தனியே தள்ளிவிட்டார்கள். மாவடு தண்ணீரோடு இருக்கிறது, கூடாது. கொப்பரை கூடவே கூடாது. மாவடுவையாவது பெரிய பெட்டியில் போட்டுவிடுகிறேன் என்றேன். அந்தப் பெண் காவலர் சிரித்துவிட்டார். பெட்டி எப்போதோ பெல்ட்டில் உள்ளே போயிருந்தது. வெளியே போய் வேறு ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றார். மறுபடி அந்த வரிசையில் நின்றால் விமானம் போய்விடும். அப்புறம் என்ன, இரண்டும் குப்பைத் தொட்டிக்குப் போயின. அம்மா அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

காவலர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் வேலையை அவர் செய்தார். கொப்பரையில் எண்ணெய் அதிகம். குவியலாக இருந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று உலக அளவிலேயே அபாயப் பொருள் பட்டியலில் அதற்குத் தனி எண் இருக்கிறது, 1363. நியாயமான தடைதான். ஆனால் வீட்டு அடுக்களையில் கிடக்கிற பொருளுக்கு இப்படி ஒரு குணம் என்று அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு யார் சொல்வது? பெட்டியை வாங்கிய கவுன்டரில் இருந்த பெண் வேகவேகமான ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். எனக்குக் காதில் விழுந்தது பவர் பேங்க், லைட்டர் இரண்டும்தான். அம்மா பாட்டுக்குத் தலையாட்டினார். தடை செய்த பொருட்களின் படப் பலகையும் இருந்தது. துப்பாக்கி, கத்தி, வெடி, பெட்ரோல் கேன். சிம்லாவுக்குச் சுற்றுலா போகிற குடும்பம் துப்பாக்கியா கொண்டுபோகும்? கொப்பரை, முழுத் தேங்காய், ஊறுகாய், நெய் என்று நம் ஆட்கள் உண்மையிலேயே எடுத்துப் போகிற எதுவும் அதில் இல்லை. அந்தப் பலகையும் பெட்டி கைவிட்டுப் போன பிறகு, சோதனை வரிசையில்தான் கண்ணில் படுகிறது. முழுத் தேங்காயைப் பெரிய பெட்டியில் போடலாம், கையில் கூடாது. பவர் பேங்க் நேர்மாறு, கையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறையில் அது தீப்பிடித்தால் பக்கத்தில் போய் அணைக்க ஆள் இல்லை. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் தரையில் நின்றபடியே எரிந்ததற்கும் பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். இத்தனை நுணுக்கத்தையும் பயணி தெரிந்துகொள்ள வேண்டிய இடம், பெட்டி இன்னும் நம் கையில் இருக்கிற கவுன்டர் வரிசை. அதற்கும் முன்னால், வீட்டில் பெட்டி கட்டும்போது.

முடியாத காரியம் இல்லை இது. 2024 இறுதியில் சபரிமலை பக்தர்கள் இருமுடித் தேங்காயைக் கைப்பையிலேயே கொண்டுபோகலாம் என்று 2025 ஜனவரி 20 வரை சலுகை கொடுத்தார்கள். அந்தச் செய்தி உடனே ஊர் ஊராகப் பரவியது. டிக்கெட் போட்டதும் இருக்கை வாங்கு, சாப்பாடு வாங்கு, காப்பீடு எடு என்று விமான நிறுவனம் விடாமல் செய்தி அனுப்புகிறது. அதில் ஒன்றைத் தமிழில், இந்தப் பொருட்களைப் பற்றி அனுப்பக் கூடாதா? உள்நாட்டு டிக்கெட் ஒவ்வொன்றிலும் பாதுகாப்புக் கட்டணம் என்று 2021 ஏப்ரலிலிருந்து 200 ரூபாய் வாங்குகிறார்கள். குடும்பமாகப் போனால் அதுவே ஒரு தொகை. நம்மூர் விமான நிலையங்களில் பெட்டி வாங்கும் கவுன்டருக்கு எதிரே பெரிய எழுத்தில் ஒரு தமிழ்ப் பலகை வைக்க அந்தப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கலாம். வழியனுப்ப வந்தவர்களிடம் பொருளைத் திருப்பிக் கொடுக்க வாசலில் ஒரு மேஜையும் போட்டால் இன்னும் நல்லது. எங்களை ஏற்றிவிட வந்த சித்தப்பா அப்போது வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.