செருப்போடு பாடத்தை முடித்துவிடாதீர்கள்

பள்ளிகளில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சிறையில் தன் கையால் தைத்த செருப்பை 1914இல் காந்தி, அப்போது தென்னாப்பிரிக்க அமைச்சராக இருந்த ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்த கதையை என் மகள் பள்ளியில் கேட்டு வந்தாள். பல கோடைகள் அதை அணிந்ததாகவும், அதில் கால் வைக்கத் தனக்குத் தகுதியில்லை என்று உணர்ந்ததாகவும் 1939இல் ஸ்மட்ஸ் எழுதியது உண்மைதான். "கடைசியில் அவர் நல்லவராயிட்டார்ப்பா" என்றாள். என்னால் தலையாட்ட முடியவில்லை.

அவர் எளிதில் பிடிபடும் மனிதரல்லர். கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தவர், பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் (அங்கே குடியேறிய டச்சு வம்சாவளி வெள்ளையர்கள்; ஸ்மட்ஸும் அவர்களில் ஒருவர்) நடந்த போரில், 1901இல் சில நூறு குதிரை வீரர்களோடு பிரிட்டிஷாரின் கேப் காலனிக்குள் புகுந்து பிரிட்டிஷ் படையை அலைக்கழித்தவர். அந்தப் போரில் முகாம்களில் அடைபட்டு ஆயிரக்கணக்கான போயர் பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள். அவருடைய மனைவி இசியையும் பிரிட்டிஷார் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வீட்டுக்காவலில் வைத்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஸ்மட்ஸ் அமைச்சராக இருந்த ஆட்சியில், காந்தியின் சத்தியாகிரகத்தில் சேர்ந்த தமிழ்ப் பெண் வள்ளியம்மை அதே ஊர்ச் சிறைக்குத்தான் அனுப்பப்பட்டாள். காய்ச்சலோடு வெளியே வந்தவள் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். வயது 16. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்த நாளிலிருந்து அந்த ஊர்ப் பெயர் என்னை விடவில்லை.

காந்தியும் ஸ்மட்ஸும் செய்துகொண்ட 1914 உடன்பாட்டில், ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர் மீதான 3 பவுன் தலைவரி ஒழிந்தது, நம் திருமணங்கள் செல்லுபடியாயின. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன்பின் அவர் இரண்டு முறை பிரதமராக இருந்தார். 1945இல் ஐ.நா. சாசனத்தின் முகவுரைக்கு வரைவு எழுதியவர்களில் அவர் முக்கியமானவர். மறுஆண்டே, நேட்டால் மாகாணத்தில் இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே வாங்கக் கூடாது என்று கோடு கிழித்த சட்டம் அவருடைய அரசிலிருந்து வந்தது. 'கெட்டோ சட்டம்' என்று மக்கள் அதைச் சபித்தார்கள். டர்பனில் காலி நிலத்தில் கூடாரம் அடித்து எதிர்த்தவர்களில் ஏறத்தாழ 2,000 பேர் சிறை போனார்கள். முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் மருத்துவர் மான்டி நாயக்கர். அதே ஆண்டு ஆகஸ்டில் தங்கச் சுரங்கங்களின் கறுப்பினத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஸ்மட்ஸின் போலீஸ் சுட்டு ஒடுக்கியது. அந்த டிசம்பரில், அவர் முகவுரை தந்த ஐ.நா.விலேயே, இந்தியா கொண்டுவந்த புகார் அவருடைய அரசுக்கு எதிராகத் தீர்மானமாக நிறைவேறியது.

செருப்புக் கதையை நீக்கச் சொல்லவில்லை. அதைச் சொன்ன கையோடு 1946க்கும் ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். மான்டி நாயக்கரின் பெயரை என் மகள் உங்களிடமிருந்தே கேட்கட்டும்.

அன்புடன்,
ஒரு பெற்றோர்