பெற்றோர் செபக்குழுவின் ஆண்டறிக்கை: ஜூன் 2024 முதல் மே 2025 வரை

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, பங்குப்பேரவை உறுப்பினர்களே, அருட்சகோதரிகளே, தாய்மார்களே, ஒருவழியாக இன்று வந்து உட்கார்ந்திருக்கும் தகப்பன்மார்களே, பிள்ளைகளே, எல்லாருக்கும் தோத்திரம்.

போன வருடம் நான் வாசித்த அறிக்கை நீளம் என்று சொன்னீர்கள். பகலெல்லாம் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவனுக்கு ஒன்றையும் விட மனது வராது. இந்த முறை வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன, மழைக்கு ஒன்று விடுபட்டது. அவ்வளவுதான். மீதி நேரத்தைப் பள்ளி திறப்பு செபத்துக்கும் அதிலிருந்து கிளம்பிய வேலைகளுக்கும் எடுத்துக்கொள்கிறேன்.

நம் ராமேஸ்வரம் தீவின் கரையில் பள்ளி திறப்பது எப்போதும் மீன்பிடித் தடைக்காலத்துக்குள்தான் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பள்ளியோ ஜூன் முதல் வாரத்திலேயே திறந்துவிடும். பாடப்புத்தகம், நோட்டு, சீருடை எல்லாம் அரசுப் பள்ளியில் இலவசம்தான். ஆனால் வேன் கூலி, தனியார் பள்ளியில் போட்டிருந்தால் ஃபீஸ் என்று எல்லாம் வருமானமே இல்லாத அந்த நாட்களில் வந்து நிற்கும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் கைக்கு வருவதற்கு முன்பே அது எந்தக் கடனுக்குப் போக வேண்டும் என்று முடிவாகியிருக்கும். அதனால் ஜூன் மாதம் நம் வீடுகளில் பிள்ளைக்காகச் சொல்லப்படும் செபத்துக்குள் கடன்காரர் முகமும் சேர்ந்தே இருக்கிறது. இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சரி, நடந்ததுக்கு வருகிறேன். 2024-ல் பள்ளி திறப்பு முதலில் ஜூன் 6 என்றார்கள். வெயில் கொடுமையால் 10-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். நாமும் நம் நாளை மாற்றி ஜூன் 7, வெள்ளிக்கிழமை என்று வைத்தோம். முதல் வெள்ளி, இயேசுவின் திருஇருதயப் பெருவிழாவும் அன்றுதான். வெள்ளி மாலையைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மற்ற மாதங்களில் நம் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனிதான் கிளம்பும். சனிக்கிழமை போன போட் ஞாயிறு காலையில் திரும்பும். ஞாயிறு பூசை நேரத்தில் அப்பா தூக்கத்தில் இருப்பார். ஆண்கள் எல்லாரும் கரையில், விழித்திருக்கும் மாலை என்றால் அது வெள்ளிதான். தடைக்காலத்தில் இந்தச் சாக்குக்கும் இடமில்லை.

ஆனாலும் அன்று அம்மாமார்கள் ஆசீர்வாதத்துக்குப் பிள்ளைகளின் பைகளோடு கோவிலுக்குள் இருந்தார்கள், அப்பாமார்கள் வெளியே பூவரசு மரத்தடியில் நின்றார்கள். ஃபாதர் அங்கியோடு வெளியே போய், “போட் மந்திரிக்கணும்னா குடும்பத்தோட வந்து என்னைக் கூட்டிட்டுப் போறீங்க. பையை மந்திரிக்கிறதுக்கு மட்டும் அம்மாவை அனுப்பிட்டு மரத்தடியில நிக்கிறீங்க” என்றார். அதற்கப்புறம் உள்ளே வந்தார்கள். நானும் அந்த மரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தேன் என்பதையும் அறிக்கையில் சேர்த்துவிடுகிறேன்.

லூக்கா இரண்டாம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட, பெற்றோர் மூன்று நாள் கழித்துக் கண்டுபிடிக்கிற பகுதி. உறவினரோடு வந்துகொண்டிருப்பான் என்று நினைத்து மரியாவும் சூசையப்பரும் ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டார்கள். “டியூஷனுக்குப் போயிருக்கான்னு நினைச்சுக்கிட்டு நாம எத்தனை நாள் நடந்திருக்கோம்?” என்று ஃபாதர் கேட்டார். பிரசங்கம் அதோடு முடிந்தது. இவ்வளவு சின்னப் பிரசங்கம் நம் கோவிலில் நான் கேட்டதில்லை.

பிறகு ஒவ்வொரு பெற்றோரும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்து, தலையில் கை வைத்தோம். ஆண்கள் பலருக்கும் கையை எப்படி வைப்பது என்று தெரியவில்லை. சிலர் இரண்டு விரலால் தொட்டார்கள், சிலர் தலையில் தட்டிக்கொடுத்தார்கள். ஒரு பையனின் அப்பா அப்போது அக்கரையில், இலங்கைச் சிறையில் இருந்தார். அம்மா அந்த வேலையாக மனு எழுதிக்கொண்டு ராமநாதபுரம் போனவர் திரும்பவில்லை. அவன் தனியாக நிற்பதைப் பார்த்துப் பின்வரிசையிலிருந்து மூன்று பேர் எழுந்து வந்தார்கள், அவன் அப்பாவோடு அதே போட்டில் போகிறவர்கள். மூவர் கையும் ஒரே தலையில் இருந்தது.

அன்று எல்லாரும் சேர்ந்து சொன்ன செபம் வேண்டும் என்று கேட்டவர்களுக்காக அதை இங்கே மறுபடியும் தருகிறேன்:

“ஆண்டவரே, நாசரேத்து வீட்டில் தச்சுப்பட்டறைச் சத்தத்துக்கு நடுவே நீர் வளர்ந்தீர். எங்கள் பிள்ளைகள் வலைக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்களுக்குப் புரிந்துகொள்ளும் மனதைத் தாரும். புரியாதபோது கையைத் தூக்கிக் கேட்கும் தைரியத்தைத் தாரும். தோற்றுப்போனால் வீட்டுக்கு வரப் பயப்படாதபடி எங்கள் வாயைக் காத்தருளும். கடனை நினைத்து எங்களுக்கு வரும் எரிச்சல் பிள்ளையின் முதுகில் இறங்காதிருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு எங்கள் பிள்ளையை ஒப்பிட்டுப் பேசாதிருக்கச் செய்யும். ஆசிரியர்களுக்குப் பொறுமையைத் தாரும். பாலத்தின் மேல் போகும் பஸ்ஸைக் காத்தருளும். ஆமென்.”

பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ற இடத்தில் பெண்கள் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. யார் யார் என்று குறித்துவைக்கவில்லை.

பைகள் மந்திரிக்கப்பட்டபோது கீழத்தெரு இஸ்லாமிய அக்கா ஒருவரும் மகளின் பையோடு வரிசையில் நின்றார். ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ராமேஸ்வரத்தில் கலாம் அய்யாவின் தகப்பனார் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, பல மதத்தாரும் கிண்ணத்தில் தண்ணீரோடு காத்திருப்பார்கள், அவர் விரலை நனைத்துச் செபித்துக் கொடுப்பார் என்று கலாமே சொல்லியிருக்கிறார். நம் தீவுக்கு இது புதிதல்ல. திரும்பிப் பார்த்தவர்களுக்குப் பதிலாக இது போதும்.

அடுத்தது சீட்டுப் பெட்டி. இது என் யோசனை, இதில் வந்த தவறும் என்னுடையது. பெற்றோர் ஒரு சீட்டிலும் பிள்ளைகள் ஒரு சீட்டிலும் தங்கள் மன்றாட்டைப் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். விசுவாசிகள் மன்றாட்டின்போது சிலவற்றை எடுத்து நான் வாசித்தேன். பெற்றோர் சீட்டுகள் எல்லாம் ஒரே அச்சு: நல்ல மார்க், கணக்கு வர வேண்டும், போலீஸ் வேலை, கடலுக்குப் போகக்கூடாது. பிள்ளைகளின் சீட்டில் மார்க் அபூர்வமாகவே இருந்தது. எங்கள் நாய்க்குக் காலில் புண் ஆற வேண்டும். டீச்சர் என்னை முன்னால் உட்கார வைக்க வேண்டும். அடுத்து எடுத்ததை யோசிக்காமல் வாசித்துவிட்டேன்: “அப்பா குடிக்கக் கூடாது.” பெயர் இல்லைதான். ஆனால் அழும் பிள்ளை யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்த அப்பா எழுந்து போய்விட்டார்.

அடுத்த இரண்டு கூட்டத்துக்கு அவர் வரவில்லை. வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் வலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்தச் சீட்டுல எழுத்து நல்லா இருந்துச்சா, கணக்கரே?” என்று கேட்டார். நல்ல எழுத்து என்றேன். வேறு ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து எந்தச் சீட்டும் வாசிக்கப்படுவதில்லை. பீடத்தில் வைத்து, பாஸ்கா இரவில் தீயில் இடுகிறோம்.

ஆனால் பிள்ளைகளின் சீட்டுகளை சிஸ்டர் மட்டும் பார்ப்பது என்று முடிவானது. அதில் ஒன்றுதான் இந்த வருடம் நம் குழுவுக்கு உண்மையான வேலை கொடுத்தது. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதியிருந்தது: “அம்மா பாசிக்குப் போகும் நாளில் யாராவது எனக்குத் தலை பின்னிவிட வேண்டும்.” அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வற்றும் நேரம் பார்த்து, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அம்மாமார்கள் கடல்பாசி எடுக்க விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். காலைச் சாப்பாடு பிரச்சினை இல்லை. அரசுத் தொடக்கப்பள்ளியில் 2023 ஆகஸ்டிலிருந்தே காலை உணவு கிடைக்கிறது, கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் 2024 ஜூலை 15 முதல் வந்துவிட்டது. தலைக்குத்தான் ஆள் இல்லை. இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டாமல் போனால் வகுப்பில் எழுப்பி நிறுத்துவார்களாம். அந்தப் பயத்தில் இந்தப் பிள்ளை மாதத்தில் சில நாள் பள்ளிக்கே போகாமல் இருந்திருக்கிறது. நாமோ ஞானத்தைத் தாரும், புத்தியைத் தாரும் என்று பாடிக்கொண்டிருந்தோம்.

பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களில் சொன்னோம். ஆகஸ்டிலிருந்து இரண்டு தெருக்களில், பாசிக்குப் போகாத வீட்டுத் திண்ணையில் காலை ஏழரைக்கு எண்ணெயும் சீப்பும் ரிப்பனும் இருக்கும். வருகிற பிள்ளைக்குப் பின்னிவிடுவார்கள். மூன்றாவது தெருவில் யார் வீட்டுத் திண்ணை என்பதிலேயே சண்டை வந்து நின்றுபோனது. அது இன்னும் தீரவில்லை.

ஆகஸ்ட் 27, புனித மோனிக்கா திருநாள் அன்று தாய்மார்கள் செபமாலை சொன்னார்கள். மகன் அகுஸ்தினாருக்காக அவர் வருடக்கணக்கில் அழுத கதை நமக்குத் தெரியும். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டுப் போட்டில் ஏறிய ஒரு பையனின் அம்மா அன்று முழங்காலிலேயே இருந்தார். பையன் இன்னும் கடலுக்குத்தான் போகிறான்.

நவம்பர் 20-ஆம் தேதி மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வீட்டுக்குள் வந்த தண்ணீரில் பைகளும் மிதந்தன. மழை விட்டதும் கருவாடு காயப்போடும் இடத்தில் புத்தகங்களை விரித்து வைத்தோம், இளைஞர்கள் பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்தினார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு அந்த வாசனையோடுதான் படித்தார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு அன்று பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஓரியூருக்குக் கூட்டிப்போனோம். புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4-ல் தலை வெட்டுண்ட செம்மண்ணைப் பிள்ளைகளுக்குத் தெரியும். நான் சொல்லச் சொன்னது வேறு கதை. லிஸ்பனில் சிறுவனாக அவர் சாகக் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் ஒரு வருடம் இயேசு சபை அங்கி அணிவிப்பேன் என்று அவருடைய தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது, அங்கியும் அணிந்தது. வளர்ந்ததும் அதே அங்கியைத் தானே கேட்டு வாங்கிக் கப்பலேறியது. அந்தத் தாய் இவ்வளவு தூரம் நினைத்திருக்க மாட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாமார்கள் இதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

பிளஸ் டூ தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா மார்ச் 14, 15. பிள்ளைக்குத் தேர்வு நடக்கும்போது திருவிழாவுக்குப் போகலாமா என்று குழுவில் பெரிய வாக்குவாதம். அந்தோணியாரிடம் நேரில் போய்ச் சொன்னால்தான் திருப்தி என்று சிலர், வீட்டில் சோறு யார் ஆக்குவது என்று சிலர். நான் இரண்டாவது கட்சியில் பேசிவிட்டுத் திருவிழாவுக்கும் போய்வந்தேன்.

மாலை ஏழு மணிக்குக் கோவில் மணி அடித்தால் டிவியை நிறுத்துவது என்ற தீர்மானம் கார்த்திகை வரை ஓரளவு நடந்தது. மார்ச் 22-ல் ஐபிஎல் தொடங்கியதும் மணி தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. பத்தாம் வகுப்பின் கடைசித் தேர்வு ஏப்ரல் 15, தடைக்காலம் தொடங்கிய அதே நாள்.

முடிவுகள் மே 8-லும் 16-லும் வந்தன. முதல் மதிப்பெண் பிள்ளைகளுக்கு ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும் என்று கேட்டார்கள், குழு மறுத்தது. அந்தப் பலகைக்குக் கீழேதான் தோற்ற பிள்ளையும் தண்ணீர்க் குடத்தோடு போக வேண்டும். அதற்குப் பதிலாக, முடிவு வந்த அன்றே தோற்ற பிள்ளைகளின் வீட்டுக்கு முதலில் போனோம், துணைத்தேர்வு விண்ணப்பத் தேதியோடு. ஜெயித்த வீடுகளுக்கு மறுநாள் போனோம். அதில் சிலருக்கு வருத்தம். வருத்தம் இருக்கட்டும்.

இந்த ஆண்டு பள்ளி ஜூன் 2, திங்கள் திறக்கிறது. நம் செபம் மே 30, வெள்ளி மாலை ஆறரைக்கு. தூய ஆவியார் நவநாளின் முதல் நாளும் அதுவே. பழைய பை என்றாலும் கொண்டுவாருங்கள். 2022 டிசம்பரில் நின்ற ரயில், ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் பாலம் திறந்ததும் மறுபடி ஓடுகிறது. கல்லூரிப் பிள்ளைகள் கேட்டபடி செபத்தில் பஸ்ஸோடு ரயிலையும் சேர்த்திருக்கிறோம். எழுதத் தெரியாதவர்கள் மன்றாட்டுச் சீட்டை சிஸ்டரிடம் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் வேண்டாம்.

காலையில் தலை பின்னிவிட முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். மூன்றாவது தெருவிலிருந்து இரண்டு அப்பாக்கள் கற்றுக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வலை பின்னுகிற கைக்குச் சடை வராதா என்று கேட்டார்கள். சீப்பு வாங்கியாகிவிட்டது.

இப்படிக்கு,
செயலர்