மண்டையோட்டுப் பாறைக்குக் கிளம்பும் முன்

அன்புள்ள கதிருக்கு,

கலிபோர்னியாப் பாலைவனத்தில் உள்ள ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் ஜம்போ ராக்ஸ் முகாமில் உனக்கு இடம் கிடைத்தது பற்றி ரொம்பச் சந்தோஷம். அங்கிருந்து, மண்டையோடு போலவே தெரியும் மண்டையோட்டுப் பாறையைப் (Skull Rock) பார்த்துச் சுற்றிவரும் பாதை சுமார் 2.7 கிலோமீட்டர்தான். இவ்வளவு தூரத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீர் போதாதா என்று தோன்றும். போதாது. அந்த முகாமில் குழாயே கிடையாது. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் வண்டியில் வர வேண்டும்: ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர், நடக்கிற நாளில் அதைப்போல இரண்டு மடங்கு. நடைக்கென்று தனியாக ஆளுக்கு 2 லிட்டர் முதுகுப்பையில் இருக்கட்டும்.

அங்கே குவிந்து நிற்கும் உருண்டைப் பாறைகளை யாரும் அடுக்கி வைக்கவில்லை. 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமிக்கடியில் குளிர்ந்து இறுகிய கிரானைட் வகைக் கல் அது. விரிசல் விட்ட இடங்களில் நிலத்தடி நீர் புகுந்து மூலைகளை அரித்து உருட்டியது. சுற்றியிருந்த மண்ணைப் பிறகு வெள்ளம் கொண்டுபோக, உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளியே நின்றுவிட்டன. மண்டையோட்டின் கண்குழிகளும் அப்படித்தான்: சின்னப் பள்ளத்தில் மழைநீர் தேங்கி அரிக்க, பள்ளம் பெரிதாக, இன்னும் அதிக நீர் தேங்கியது.

உருண்டையாக இருப்பதுதான் ஆபத்தும். சொரசொரப்பான கல்லில் ஏறும்போது ஷூ நன்றாகப் பிடிக்கும். பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் உச்சியில் நிற்பார்கள். இறங்கும்போது சரிவு முன்னால் வளைந்து மறைவதால் கால் வைக்கும் இடம் கண்ணில் படாது. போதாக்குறைக்கு, கல்லிலிருந்து உதிர்ந்த பொடிமணல் காலடியில் உருளும். இறங்கும் வழியைக் கீழிருந்தே பார்த்து வைத்துக்கொண்டு ஏறச் சொல். கல்லைப் பார்த்துத் திரும்பியபடி, மெல்ல இறங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கையை விடவே கூடாது, கண்ணாடி விரியன் போலவே நஞ்சுள்ள கிலுகிலுப்பைப் பாம்பு நிழல் தேடி அங்கேதான் படுத்திருக்கும்.

ஒரு சீப்பு எடுத்துக்கொள். சோயா (cholla) என்கிற கள்ளிச்செடியின் முள்ளுருண்டை லேசாக உரசினாலே ஒட்டிக்கொள்ளும். விரலால் பிடுங்கினால் விரலிலும் ஏறும். உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே சீப்பைக் கொடுத்து, ஆள் இல்லாத பக்கமாகச் சட்டென்று தட்டிவிடு.

வழி தவறுவது பெரும்பாலும் வறண்ட ஓடைகளில்தான். மணலில் எல்லாத் திசையிலும் காலடித் தடம் இருக்கும், எல்லாப் பாறையும் ஒன்றுபோலத் தெரியும். அவ்வப்போது திரும்பிப் பார்த்து, வரும்போது எப்படித் தெரியும் என்று மனதில் பதித்துக்கொள். பாதை தார்ச்சாலையைக் கடக்கும், அது நல்ல அடையாளம். செல்போன் சிக்னலை நம்பாதே. வரைபடத்தை முன்னதாகவே இறக்கி வை.

மாலைச் சூரியனில் பாறை பொன்னாக மாறும்; பார்க்கத் தவறாதே. ஆனால் தலைவிளக்கு பையில் இருக்கட்டும், ஒரு கம்பளிச் சட்டையும். முகாம் 1,300 மீட்டர் உயரத்துக்கு மேல் இருப்பதால் பொழுது சாய்ந்ததும் குளிர் சட்டென்று இறங்கும்.

அன்புடன்,
அண்ணன்