ஜாதகம் சுற்றுக்குப் போகும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் உறவு கூடினால், இருபத்தைந்து தாண்டிய பெண்ணிடம் முதல் கேள்வி: "ஆவணியிலாவது கல்யாணச் சோறு போடுவியா கண்ணு?" இதற்குக் காரணம் சொல்வதுதான் பிழை. "படிப்பு முடியட்டும்" என்றால் அது தவணையாகிவிடும். முடிந்த மாதமே தரகர் வாசலில் நிற்பார். "இப்போதைக்கு இல்லைங்க அத்தை, முடிவானா நானே சொல்றேன்" என்பதையே எல்லோரிடமும் மாற்றாமல் சொல்லுங்கள். பெரியப்பாவிடம் ஒன்று, சித்தியிடம் வேறொன்று என்றால், இரண்டும் சேர்ந்து மூன்றாவது கதையாகத் திரும்பி வரும்.

பெரிய தொல்லை வாட்ஸ்அப் வரன் குழுக்கள். ஜாதகத்தாளில் பெண்ணின் செல்போன் எண், வேலையிடம், சம்பளம் போகவே கூடாது. வீட்டுப் பெரியவர் எண் ஒன்று போதும். போட்டோவை அழித்தாலும் பயனில்லை, அதற்குள் பத்துப் பேர் சேமித்திருப்பார்கள்.

பேச்சு மிரட்டலானால்? விருப்பமில்லாத பெண்ணைக் கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்துவதும் 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி கொடுமைதான். அந்தச் சட்டத்தின் 2006 விதிகளில் உள்ள சம்பவ அறிக்கைப் படிவத்திலேயே இது இருக்கிறது. மகளிர் உதவி எண் 181க்கு அழைக்கலாம், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். அதற்கு முன்பே சான்றிதழ், ஆதார், பாஸ்புக் மூன்றும் அவள் கைவசம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்